பாட்டில் வாழைக்கன்னு

கன்னாம், பெரிய கன்னு! சுண்டுவெரல் ஒசரம் இல்ல, நாலு எல, அதுவும் கண்ணாடித் தாளாட்டம்... ஊதினா சாஞ்சுடும். அதுக்குப் பேரு வாழயாம்! நீயே சொல்லு தங்கச்சி, வாழக்கன்னுன்னா எப்படி இருக்கும்? கடப்பாறையப் போட்டு நெம்பி, தோள்ல தூக்கிட்டு வந்து குழியில போட்டு மிதிச்சா, மறுநாளு நம்மளையே மொறச்சுப் பாக்கும்ல? அது கன்னு. இது பாட்டில்ல பொறந்தது. ஊறுகா பாட்டிலு மாதிரி ஒரு பாட்டிலு, உள்ள ஜெல்லி, ஜெல்லிக்குள்ள வேரு! கல்யாண வீட்டுல குடுக்குற இனிப்பு மாதிரி இருக்குன்னு எங்க ஊர்ல ஒருத்தி நக்கிப் பாக்கப் போனா, தெரியுமா?

இந்தப் பக்கம் தள்ளி ஒக்காரு. அந்த ஜன்னல்ல தண்ணி அடிக்கும். கப்பல் நடுக்கடலுக்குப் போச்சுன்னா அப்படியே சாயும், எனக்குத் தெரியும், சவாயித் தீவுலேர்ந்து உபோலுத் தீவுக்கு நான் போகாத போக்கா! நீயும் ஆப்பியா டவுனுக்கா? நல்லதாப் போச்சு. போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். வாய மூடிட்டு ஒக்காந்தா எனக்குக் கொமட்டும்.

எங்க விட்டேன்? ஆங், பாட்டிலு.

அந்தச் சீக்கு ஒங்க பக்கமும் வந்துச்சா? எல விரியாம உச்சியில கொத்தா, கொண்ட போட்ட மாதிரி நிக்குமே, அதேதான். தாரு போடாது. போட்டாலும் கைக்கொழந்த வெரலாட்டம் நாலு காய். வெவசாய ஆபீஸ்காரங்க வந்து, எல்லாத்தையும் வெட்டிக் கெழங்கோட தோண்டிப் பொதைங்க, ஒண்ணு விடாதீங்கன்னாங்க. பொதச்சோம். ஊரே சேந்து பொதச்சோம். அதுக்கப்புறம் பாத்தா, ஞாயித்துக்கெழம குழியடுப்புல வைக்க ஒரு பச்சக் காய் கெடையாது. தேங்காப்பால்ல வெந்த வாழக்கா இல்லாம அது ஒரு ஞாயித்துக்கெழமச் சாப்பாடா? போதகர் வீட்டுக்குக் கடை அரிசிச் சோறு கொண்டு போய் வச்சேன். மனுஷன் தட்டப் பாத்தாரு, வானத்தப் பாத்தாரு. எனக்கு மானமே போச்சு.

அப்பத்தான் வந்தான் இந்த அலெக்கி. லேப்புக்காரன். ஆளு நம்ம ஆளுதான், ஆனா வெளியூர்ல படிச்சு வந்தவன், செருப்பு சத்தமே வேற மாதிரி கேக்கும். முந்நூறு கன்னு, பெட்டி பெட்டியா பாட்டில்ல. சீக்கு இல்லாத கன்னாம். எங்க மாதர் சங்கத்தக் கூட்டி ஒக்கார வச்சு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தான். சங்கத்துக்குத் தலைவி நான்... தெலேசியான்னு கேட்டுப் பாரு, எங்க பக்கம் கோழிக்குஞ்சு கூட சொல்லும்.

என்ன பாடம்ன்ற? பாட்டில்லேர்ந்து எடுத்து ஜெல்லியக் கழுவணுமாம். சின்னச் சின்னத் தொட்டியில, தேங்கா நாரு மண்ணுல நடணுமாம். பிளாஸ்டிக் கூண்டுக்குள்ள வச்சு மூடி, மேல கறுப்பு வலயப் போடணுமாம். நாளுக்கு அஞ்சு தடவ பனி மாதிரித் தண்ணி தெளிக்கணுமாம், ஊத்தப்படாதாம்! ரெண்டு வாரத்துக்குத் தெறக்கவே கூடாது. அப்புறம் இன்னிக்கு ஒரு சாண், நாளைக்கு ரெண்டு சாண்னு தெறந்து காட்டணும். ஒரு மாசம் போனா வெளிய நிழல். ரெண்டு மாசம் போனாத்தான் வெயிலு. "ஏன்டா, இதென்ன வாழயா, இல்ல மாசமா இருக்குற மகாராணியா?"ன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாளுங்க.

அவன் சிரிக்கல. "அம்மா, இதுங்க எலையில மேல்தோலு கெட்டியா இல்ல. பாட்டிலுக்குள்ள ஈரத்துலயே வளந்துடுச்சு. எலையில மூச்சு விடுற ஓட்ட இருக்கே, அத மூடிக்கவே இன்னும் கத்துக்கல. வெளிக்காத்து பட்டா ஒடம்புத் தண்ணி மொத்தமும் போயிடும். புது எல விடும் பாருங்க, அந்த எலதான் வெளியில நிக்கும். அது வர்ற வரைக்கும் பொறுங்க"ன்னான். மூச்சு விடத் தெரியாத வாழ! எங்கப்பா வெட்டின கன்ன எரிமலப் பாறை மேல வீசிட்டுப் போவாரு, அது பாட்டுக்கு வேரு விடும். இவன் எனக்கு வாழ வளக்கச் சொல்லித் தர்றான்.

யாரு பொறுப்பு எடுத்துக்குறதுன்னு கேட்டான். யாருக்கு வேல இல்ல, நாளுக்கு அஞ்சு தடவ பனி தெளிக்க! அப்ப பின்னாலேர்ந்து, அடுப்பங்கர ஓரத்துலேர்ந்து, ஒரு கை தூக்குது. யாருன்னு பாத்தா பெனினா.

பெனினான்னா என் தம்பி விலியாமு பொண்டாட்டி. உபோலு மலப்பக்கத்துலேர்ந்து புடிச்சிட்டு வந்தான். ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் ஊமக்கோட்டானாட்டம்தான் நிப்பா. பேசினா பாதி வார்த்த வாய்க்குள்ளயே போயிடும். ஒனக்குத் தெரியாததா, ஊர்ல பொறந்த பொண்ணுங்க முன்னால ஒக்காந்து பேசுவோம், வாழ்க்கப்பட்டு வந்தவளுங்க பின்னால நின்னு பரிமாறுவாளுங்க. அதான் மொற. அந்த மொறைக்கு இவ கை தூக்குனதே அதிகம். ஆனா வேற நாதி இல்ல, சரி தொலையட்டும்னு விட்டேன். 

அவ்ளோதான்! அன்னிலேர்ந்து ஆட்டம் ஆரம்பிச்சது. விடியுறதுக்கு முன்ன கூண்டுக்குள்ள போயிடுவா. பிளாஸ்டிக் மேல கைய வச்சு வச்சுப் பாப்பா, காய்ச்சக்காரப் புள்ள நெத்தியத் தொட்டுப் பாக்குற மாதிரி. குச்சி குச்சியா நட்டு, ஒவ்வொண்ணுலயும் தேதி எழுதி வச்சா. "இன்னிக்கு மூணு கன்னு புது எல விட்டுருச்சு அண்ணி"ன்னு வந்து சொல்லுவா. எனக்கு என்னமோ பேரன் பொறந்த மாதிரி! "போடீ, போய்ப் பாத்திரத்தக் கழுவு"ன்னு வெரட்டுவேன். எங்க விலியாமு அதுக்கு மேல. சாயங்காலம் மீன் புடிச்சிட்டு வந்து கைய கூடக் கழுவாம கூண்டு வாசல்ல ஒக்காந்து அவளோட சேந்து எலய எண்ணுவான். ஆம்பள பண்ற வேலயா இது?

ஒரு ஞாயித்துக்கெழம... இதக் கேளு. கோயில்ல எனக்கு முன் வரிசையில நிக்கிறா. வெள்ளப் பாவாட. அடியில பாத்தா நாலு வெரக்கட ஈரம்! நாரு மண்ணு வேற ஒட்டிக்கிட்டு. ஞாயித்துக்கெழம எங்க ஊர்ல கடல்ல கால் நனைக்கக் கூடாது, விறகு பொளக்கக் கூடாது, இவ ரெண்டு ஆராதனைக்கும் நடுவுல போய்த் தண்ணி தெளிச்சிருக்கா. நான் தலைவி. என் தம்பி பொண்டாட்டின்னு விட்டா ஊரு என்ன பேசும்? கூட்டத்துல எந்திரிச்சு, ஒரு பெட்டி டின்மீன் அபராதம்னு நானே போட்டேன். என் வீட்டுக்கு நானே! அந்தப் பெட்டிய என் தலையிலதான் சொமந்துட்டுப் போய் ஊர்ச் சபையில வச்சேன். எல்லாரும் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாளுங்க. அந்தக் கோவம் எனக்கு இன்னும் அடங்கல.

அவளா? அவ என்ன செஞ்சா தெரியுமா? அடுத்த வாரத்துலேர்ந்து சனிக்கெழம சாயங்காலமே கூண்டுத் தரையில மணலக் கொட்டி, கொடம் கொடமா ஊத்தி நனச்சு வச்சிடுவா. ஞாயித்துக்கெழம முழுக்க அந்த ஈரத்துலயே கன்னுங்க கெடக்கும். ஒரு எல வாடல. கேட்டா சொல்ல மாட்டா, செஞ்சு காட்டுவா. அந்த அழுத்தக்காரத்தனம்தான் எனக்குப் புடிக்காது.

எல்லாம் சரியாத்தான் போச்சு. அப்புறம் கருகிப் போச்சு. முந்நூறும். ஒரே நாள்ல.

எப்படின்னா... எப்படின்னா, அவ மூடாக்கத் தெறந்து போட்டுட்டா. வேற என்ன! பச்சப் புள்ளயத் தூக்கி நடுரோட்டுல போட்ட மாதிரி. சபையில நானே எந்திரிச்சு சொன்னேன், இவதான் பொறுப்பு எடுத்தா, இவதான் தெறந்து போட்டான்னு. அவ தலயக் குனிஞ்சு நின்னா. மறுநாள் காலக் கப்பல்ல ஏறி அவங்கப்பன் வீட்டுக்குப் போயிட்டா. ரெண்டு வாரமாச்சு. போகட்டுமே! யாருக்கு என்ன நட்டம்?

...

என்ன அப்படிப் பாக்குற? ஏன் தெறந்தாளா? எனக்கென்ன தெரியும் ஏன் தெறந்தான்னு. 

அன்னிக்கு ஆய்வு நாளு. வீடு பாக்க வர்ற நாளு. ஒங்க ஊர்லயும் உண்டுல்ல? பாய வெயில்ல காயப் போட்டு, மெத்தயத் தட்டி, தட்டு டம்ளர் எல்லாம் பளபளன்னு அடுக்கி, கக்கூஸ் வரைக்கும் கழுவி, வாசல் கல்லுக்கெல்லாம் வெள்ளயடிச்சு... மூணு வருஷமா வட்டாரத்துல மொதப் பரிசு எங்க ஊருக்குத்தான். இந்த வருஷம் ஆய்வுக்கு வர்ற கூட்டத்துக்குத் தலைவி யாருன்ற? பக்கத்தூரு லூப்பே! நாக்குல தேள வச்சிட்டுத் திரியுறவ. ஆய்வுக்கு முந்தின வாரம் கோயில் விருந்துல, பத்துப் பேரு முன்னால கேக்குறா, "தெலேசியா, ஒங்க ஊரு வாழயெல்லாம் இன்னும் தொட்டில்லதான் தூங்குதா? தாலாட்டு யாரு, நீயா?"ன்னு. நான் சிரிச்சேன். பல்லக் கடிச்சிட்டுத்தான் சிரிச்சேன்.

என் வாசலுக்கு நேர அந்தக் கூண்டு. கந்தல் பிளாஸ்டிக்கு, மேல கிழிஞ்ச கறுப்பு வல, மீன் காயப் போட்ட குடிச மாதிரி. லூப்பே வந்து அதப் பாத்தா விடுவாளா? நான் சொன்னேன், எடுங்கடீ அத. தொட்டி எல்லாத்தையும் தூக்கி ரோட்டோரமா, வெள்ளக் கல்லு வரிசைக்கு முன்னால, ஒரே நேரா அடுக்குங்க. முந்நூறு பச்சத் தொட்டி, பின்னால வெள்ளக் கல்லு... பாக்கணுமே! அவ கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திட்டுப் பாத்தாலும் கொற சொல்ல முடியாதுன்னு எனக்குத் தெரியும். 

காலையில ஒம்பது மணிக்கு வர்றதாச் சொன்னாளுங்க. முந்தின ஊர்ல தின்னுட்டு, பாட்டுப் பாடிட்டு, மூணு மணிக்கு வர்றாளுங்க, மகராசிங்க! அந்த வெயில்ல, அதுவும் எண்ணெய் வேற தடவி...

...

எண்ணெய்யா? எண்ணெய்னா சொன்னேன்? 

ஆமா, சொன்னேன். கப்பல் ஆடுறதுல வாயும் ஆடுது.

சரி, கேட்டுட்ட. கேளு. எல மேல தூசி இருந்துச்சு. தொடச்சா மங்கலா இருந்துச்சு. விருந்துல ஆடுற பொண்ணுக்கு எண்ணெய் தடவாம நிக்க வைப்போமா? தோளு ஜொலிச்சாத்தானே பாக்குறவன் கண்ணு அங்க நிக்கும்? அந்த நெனப்புலதான்... பூ போட்டுக் காய்ச்சின தேங்கா எண்ணெய், நானே காய்ச்சினது, எங்க வாசல்ல நிக்கிற மொசோய் மரத்து வாசனப் பூ. பஞ்சுல தொட்டுத் தொட்டு முந்நூறுக்கும் தடவினேன். ஒவ்வொரு எலைக்கும். பத்து மணிக்கு நீ பாத்திருக்கணும் தங்கச்சி! அப்படி ஒரு மினுமினுப்பு, மெழுகு பொம்ம மாதிரி. ரோட்டுல போற பஸ்ஸு நின்னு பாத்துட்டுப் போச்சு.

அவ வந்தா. எங்கூட்டு வாசல்ல வந்து நின்னா. "அண்ணி, இருவது நாள்தான் ஆச்சு. வெயிலுக்கு இன்னும் நாப்பது நாள் இருக்கு. வேணாம் அண்ணி, செத்துடும்"னா. அவ அவ்ளோ பேசி நான் கேட்டதே இல்ல. கூட நாலு பேரு நிக்கிறாளுங்க. நாலு பேரு முன்னால, வந்தவ, எனக்குப் புத்தி சொல்றா! "பேச ஒனக்கு எடம் ஏதுடி இங்க?"ன்னு கேட்டேன். அவ்ளோதான் கேட்டேன். அவ பின்னால போயிட்டா, சமயலுக்கு.

பன்னெண்டு மணிக்கு எல மடங்குச்சு. ஒரு மணிக்கு ஓரமெல்லாம் பழுப்பு. ரெண்டு மணிக்கு, வறுத்த எல மாதிரி... வெந்து போச்சு. எண்ணெய்ல வெந்து போச்சு. நான் தண்ணி கொண்டாங்கடீ, தண்ணி கொண்டாங்கடீன்னு கத்துறேன், எண்ணெய் மேல தண்ணி எங்க ஒட்டுது! உருண்டு உருண்டு ஓடிடுச்சு. மூணு மணிக்கு லூப்பே எறங்கி வந்தா. வரிசையப் பாத்தா. என்னப் பாத்தா. ஒரு வார்த்த சொல்லியிருந்தா கூடப் பரவால்ல. "ஐயோ பாவம்"னு என் கையப் புடிச்சா. அந்தக் கை புடிச்சத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.

பரிசா? எந்தப் பரிசு! அதப் பேசாத.

அன்னிக்கு சாயங்காலமே சபை. யாரு பொறுப்புன்னு பெரியவங்க கேட்டாங்க. எல்லாக் கண்ணும் என் மேல... எனக்கு வாய் தானா தெறந்துச்சு. அவ பேரச் சொல்லிடுச்சு. சொன்னப்புறம் திரும்ப உள்ள இழுக்க முடியுமா? அந்த நாலு பேரும் வாயத் தெறக்கல, என்ன எதுத்து யாரு பேசுவா. எங்க விலியாமு நிக்கிறான். அவனுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். ஆனா அக்கா சபையில சொன்னத தம்பி மறுத்துப் பேசுறது நம்ம பக்கம் உண்டா? அவன் பேசல. அன்னிலேர்ந்து என்கிட்ட எதுவுமே பேசல. நான் சோறு வச்சா எழுந்து போய்க் கடல் பக்கம் நிக்கிறான். என் தம்பி... நான் இடுப்புல தூக்கி வளத்த பய... என் கையால வாங்கித் திங்க மாட்டேங்குறான். 

நெஞ்சு அறுக்குது தங்கச்சி. அறுக்குதுன்னா அறுக்குது, அதுக்கு மேல எப்படிச் சொல்ல.

அந்த அலெக்கி ஒரு தடவ வந்தான், செத்ததப் பாக்க. இன்னொரு முந்நூறு குடுப்பான்னு நெனச்சு நான் வாசல்ல எளநி எல்லாம் வெட்டி வச்சு நிக்கிறேன். ஒரு காஞ்ச எலய எடுத்தான். ரெண்டு வெரலுக்கு நடுவுல தேச்சான். மோந்து பாத்தான். எங்க வாசல்ல நிக்கிற மொசோய் மரத்த நிமுந்து பாத்தான். எளநியக் குடிக்கல. "அடுத்த தவண கன்னு வேணும்னா, வளத்த பொண்ணு வந்து கேக்கட்டும்மா, அவ கையிலதான் குடுப்பேன்"னுட்டு வண்டியில ஏறிட்டான். நேத்து மொளச்ச பய, என்ன ஒரு திமிரு! ஆனா அவன் மேல கோவப்பட்டு என்ன பண்றது.

இப்ப அவளத் தேடித்தான் போறேன்னு நெனைக்கிறியா? நான் ஆப்பியாவுக்குத் துணி எடுக்கப் போறேன். 

...

இல்ல. அவங்கப்பன் வீட்டுக்குத்தான் போறேன்.

லேப்புக்காரன் சொன்னதுக்காக இல்ல. ஊருக்காகவும் இல்ல. ஊரு என்ன, கொஞ்ச நாள் ரொட்டி தின்னும். பதினோரு கன்னு இருக்கு. ஆமா, உசுரோட! அவ போனப்புறம் பாத்திரம் கழுவுற மேடைக்கு அடியில போய்க் குனிஞ்சா, பெரிய துணி அலசுற தொட்டியக் கவுத்து வச்சிருக்கா, அதுக்கு அடியில பதினோரு தொட்டி. அன்னிக்கு நான் எண்ணெய் தடவுற நேரத்துல ஒளிச்சு வச்சிருக்கா, திருட்டுக் கழுத! நான் அங்கயே தரையில ஒக்காந்து அழுதேன். யாரும் பாக்கல.

நான்தான் பாத்துக்குறேன் அதுங்கள. ரெண்டு வாரமா. யாருக்கும் தெரியாம. உடஞ்ச கூண்டுல ஒரு மூலயத் தைச்சு, உள்ள வச்சு, தெளிச்சு... எனக்குத் தெளிக்க வராது தெரியுமா? அவ தெளிச்சா பனி மாதிரி விழும், நான் தெளிச்சா மழ மாதிரி விழுது. ஒரு கன்னு சாஞ்சு செத்தே போச்சு. போன ஞாயித்துக்கெழம வெயிலு காச்சு காச்சுன்னு காச்சுச்சு. ரெண்டு ஆராதனைக்கும் நடுவுல... ஆமா, நான்தான். சங்கத் தலைவிதான். போய்த் தெளிச்சேன். பாவாட அடிய இடுப்புல சொருகிட்டு. 

புது எல விட்டிருக்கு. நட்டப்புறம் வந்த மூணாவது எல. பழசு மாதிரி கண்ணாடித் தாளு இல்ல, தொட்டா கெட்டியா இருக்கு. இப்பத் தெறக்கணுமா? எத்தன சாண் தெறக்கணும்? காலையிலயா, சாயங்காலமா? அவ எழுதி வச்ச குச்சியெல்லாம் மழையில அழிஞ்சு போச்சு. மூடியே வச்சிருந்ததுல நேத்து ஒண்ணு அடியில வெள்ளயாப் பூஞ்ச புடிச்சு அழுகிடுச்சு. கணக்குப் போட்டுப் பாத்தா இப்ப ஒம்போதுதான். தெறந்தா காஞ்சுடுமோன்னு பயமா இருக்கு, மூடினா அழுகுது. கூண்டு வாசல்ல நின்னு பிளாஸ்டிக் மேல கைய வச்சுப் பாக்குறேன், எனக்கு ஒண்ணும் தெரியல. வெறும் சூடுன்னு தெரியுது. அவளுக்கு அதுல என்னமோ தெரிஞ்சுச்சு.

எனக்கு அம்பத்தேழு வயசு. நான் யாருகிட்டயும் போய் இத எப்படிப் பண்றதுன்னு கேட்டதில்ல. 

அட, முலிஃபனுவா தொறமுகம் தெரியுது. சீக்கிரம் வந்துட்டான் இன்னிக்கு. வர வேண்டிய நாள்ல இழுத்தடிப்பானுங்க.

என்ன சொன்ன? மன்னிப்பா? நான் அதுக்குத்தானே போறேன்ற! போனா கேட்டுடுவேன்ல. அது... அவங்கப்பன் வேற இருப்பான், அவன் ஒரு வெறப்பு. பக்கத்து வீட்டுக்காரனுங்க எட்டிப் பாப்பானுங்க. நான் யாரு, எந்த ஊரு தலைவின்னு அங்கயும் தெரியும். என்னன்னு ஆரம்பிக்கிறது? நீயே கேட்டுச் சொல்லு, நல்லா இருக்கான்னு. 

"பெனினா, லேப்புக்காரன் ஒன்னக் கேக்குறான், வந்து கன்னுக்குக் கையெழுத்துப் போட்டுட்டுப் போ"... வேணாமா? ஆமா, ஆபீஸ் பேச்சாட்டம் இருக்கு.

"பெனினா, விலியாமு சரியாச் சாப்பிடுறதில்ல"... அதுவும் அவன் மேல பழி போடுற மாதிரி இருக்கு. ஒன் மூஞ்சி கோணுறதுலயே தெரியுது. 

"பெனினா, நடந்தது நடந்து போச்சு, பெரியவ நான் எறங்கி வந்திருக்கேன்"... சிரிக்காத! சிரிச்சா அடிப்பேன். எறங்கி வர்றேன்னு எவளாவது சொல்லிட்டு எறங்குவாளான்னு கேக்குற, அதானே.

ஒன் மூஞ்சியப் பாத்துட்டு எனக்கு வராது. மனுஷ மூஞ்சி எதப் பாத்தாலும் எனக்கு நக்கல்தான் வருது, பொறந்த பொறப்பு. இரு, கண்ண மூடிக்கிறேன். கப்பல் நின்னாச்சு, எறங்குறவங்க எறங்கட்டும், நமக்கென்ன அவசரம். பஸ்ஸு நிக்கும். 

பெனினா... வலய அவுத்தது நான். எண்ணெய் தடவினது நான். நீ வேணாம்னு சொன்ன, நாலு பேரு முன்னால நீ சொன்னது சரின்னு எனக்கு அப்பவே தெரியும், அதனாலதான் அப்படிக் கத்துனேன். சபையில சொன்னது பொய்யி. வர்ற சனிக்கெழம சபையக் கூட்டி, பெரியவங்க முன்னால, அந்த லூப்பேயையும் வரச் சொல்லி, நானே எந்திரிச்சு சொல்லிடுறேன். நீ முன்னால வந்து ஒக்காரு. பின்னால நிக்காத. வந்து அந்த ஒம்போதையும் பாரு. எனக்குத் தெரியல. எனக்கு ஒண்ணுமே தெரியல, பெனினா. சொல்லிக் குடு.

...

ம். வந்துடுச்சு. பாத்தியா தங்கச்சி, வந்துடுச்சு! எப்படி இருந்துச்சு? கடைசியில கொஞ்சம் கொரல் ஒடஞ்சுது, அத வேணா...

தங்கச்சி?

அட, எங்க போனா? பையும் காணோம், கூடயும் காணோம். படியில எறங்குறா பாரு, அந்தா, ஓட்டமா ஓடுறா! பஸ்ஸப் புடிக்கிற அவசரம். ஏ, ஏம்மா!... திரும்பிப் பாக்குறாளா பாரு. எந்த எடத்துல எந்திரிச்சான்னு கூடத் தெரியலயே. எத்தன நாளா தொண்டையில நின்னது, இப்பத்தான் வெளிய வந்துச்சு, கேக்க ஒரு ஆளு இல்ல. 

போச்சு. இனி எல்லாத்தையும் மொதல்லேர்ந்து திரும்பச் சொல்லணும். அங்க போய்க் கண்ணயும் மூடிக்க முடியாது.